பழைய இசைத்தட்டும் ஒரு பழைய கடனும்

சென்ற ஐப்பசியில் நான்கு நாள் என் தமக்கை மகனுடைய வீட்டில் தங்கும்படி நேர்ந்தது. பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் அவனுக்கு உத்தியோகம். நான் போய்ச் சேர்ந்த அன்றே மழை பிடித்துக்கொண்டது. வெளியே தலை நீட்ட முடியவில்லை. புத்தகமும் கையுமாக ஒரு மனிதன் எத்தனை நேரம்தான் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பான்? என் சலிப்பைப் பையன் கவனித்துவிட்டான்.

"மாமா, பாட்டுக் கேக்கறீங்களா?" என்று கூடத்து மூலையில் இருந்த ஒரு பெட்டியின் மூடியைத் திறந்தான்.

பார்த்தால், இசைத்தட்டு வாசிக்கும் யந்திரம்! என் தாத்தாவோடு போய்விட்டதென்று நான் எண்ணியிருந்த சாமான் அது. இப்போது அது மறுபடியும் நாகரிகமாகிவிட்டதாம். விலையைக் கேட்டேன். கேட்காமலே இருந்திருக்கலாம். அலமாரி நிறையத் தட்டுக்களை அடுக்கி வைத்திருந்தான். அவற்றுள் ஒன்றை உறையிலிருந்து உருவி, விளிம்பில் மட்டும் விரல் படும்படி பிடித்து, ஏதோ பூஜைப் பொருளை வைப்பதுபோல் வைத்தான்.

முதல் பாட்டு முடிவதற்குள் எனக்குத் தலைவலி வந்துவிட்டது. சில பெண்கள் பாடினார்கள். சேர்ந்து பாடினார்கள் என்று சொல்லமாட்டேன். ஒரே அறையில் இருந்துகொண்டு பாடினார்கள். ஒருத்தி தொடங்குமுன்பே இன்னொருத்தி முந்திக்கொண்டாள். வயலின் ஒன்று ஒலித்தது. தகரத்தைக் கருங்கல்லில் இழுத்தால் எப்படி இருக்குமோ அப்படி. டிரம் அடித்தவள் தாளத்தை விட்டு எங்கோ தனியாகப் புறப்பட்டுப் போய், பிறகு ஞாபகம் வந்தவள்போல் திரும்பி வந்து சேர்ந்துகொண்டாள்.

"என்னடா இது? கத்துக்குட்டிங்க ஒத்திகை பார்த்ததையா பதிவு பண்ணி விக்கிறாங்க?" என்றேன்.

பையன் கோபித்துக்கொள்ளவில்லை. "கத்துக்குட்டிங்கதான் மாமா. அதை அவங்க மறைக்கவே இல்லை. ஆனா இந்தத் தட்டு கடையில கிடைக்காம, பாடினவங்களையே தேடிக்கிட்டுப் போனான் ஒருத்தன். அவன் யார்னு தெரிஞ்சா நீங்க இப்படிச் சொல்லமாட்டீங்க."

யார் தேடிக்கொண்டு போனால் என்ன, எனக்குப் பிடிக்காதது பிடிக்காததுதானே என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனால் கதை என்றால் நான் காது கொடுக்காமல் இருக்கமாட்டேன். அது என் தொழில்.

அவன் சொன்னதையும், அப்புறம் நானாகப் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

குழுவின் பெயர் 'தி ரெயின்கோட்ஸ்'. மழைக்கோட்டுகள்! அன்றைய மழைக்குப் பொருத்தமான பெயர்தான். 1977-இல் லண்டனில் ஹார்ன்சி ஓவியக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் இதைத் தொடங்கினார்கள். ஆனா ட சில்வா போர்த்துக்கல்லைச் சேர்ந்த மடீரா தீவில் பிறந்தவர். ஜீனா பர்ச் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்காரி. அதற்கு முந்தைய ஒன்றிரண்டு வருஷங்களில் 'பங்க்' என்ற முரட்டு இசை அந்த நாட்டை ஒரு கலக்குக் கலக்கியிருந்தது. பங்குக்குக் குரல் பெரிது, ஆயுள் சிறிது. அதன் கூச்சலை விட்டுவிட்டுத் துணிச்சலை மட்டும் எடுத்துக்கொண்டு, "இனி எதையும் எப்படியும் செய்து பார்க்கலாம்" என்று புறப்பட்டவர்களின் இசையைப் 'போஸ்ட்-பங்க்' என்கிறார்கள். பங்குக்குப் பிந்தியது என்று பொருள். ஸ்லிட்ஸ் என்ற பெண்கள் குழு மேடையில் பாடுவதைப் பார்த்த பிறகுதான் தங்களாலும் முடியும் என்ற எண்ணம் இந்த இருவருக்கும் வந்தது. ஜீனா முதலில் பாஸ் கிடாரை விலைக்கு வாங்கினார். அதற்குப் பிறகுதான் வாசிக்கக் கற்றுக்கொண்டார்!

1977 நவம்பர் 9-ஆம் தேதி அவர்களுடைய முதல் கச்சேரி. நம் ஊரில் பத்து வருஷம் குருவிடம் அடியும் திட்டும் வாங்கி, சுருதி சுத்தம், தாள சுத்தம் எல்லாம் வந்த பிறகுதான் அரங்கேற்றம். இவர்களோ அரங்கேற்றத்தை முதலில் வைத்துக்கொண்டு, பயிற்சியைப் பின்னால் தள்ளிவிட்டார்கள். கேட்பாரற்றுக் கிடந்த பழைய வீடுகளில் குடியேறி, நிலவறையில் ஒத்திகை பார்த்தார்கள். ஆட்கள் வந்தார்கள், போனார்கள். கடைசியில் ஸ்லிட்ஸ் குழுவில் டிரம் வாசித்துக்கொண்டிருந்த ஸ்பெயின் தேசத்துப் பெண் பலோமா ரொமெரோ வந்து சேர்ந்தார். 'பால்மோலிவ்' என்று சோப்புப் பெயரால் எல்லோரும் அழைத்தது அவரைத்தான். நான்காவதாக வந்தவர் விக்கி ஆஸ்பினால். "பாணி முக்கியமில்லை, பலம் இருந்தால் போதும், பெண் வாத்தியக் கலைஞர் தேவை" என்ற பொருளில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்துவிட்டு வந்தவர்.

1979 நவம்பரில் 'தி ரெயின்கோட்ஸ்' என்று குழுவின் பெயரையே தாங்கி ஆல்பம் வெளிவந்தது. வெளியிட்டது ரஃப் டிரேட். ஜெஃப் டிராவிஸ் என்பவர் 1976-இல் தொடங்கிய ஓர் இசைத்தட்டுக் கடை, இரண்டு வருஷத்தில் தானே தட்டு வெளியிடும் நிலையமாக வளர்ந்தது. லாபத்தில் சரிபாதி பாடுகிறவர்களுக்கு என்பது அதன் வழக்கம். நம் எழுத்தாளர்கள் இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்.

மறுநாளும் மழை. பையன் வேலையில் மூழ்கியிருந்தான். எனக்கு வேறு போக்கில்லை. அவன் வைத்தது போலவே விளிம்பைப் பிடித்து அந்தத் தட்டை நானே வைத்துக் கேட்டேன். அன்றைக்கு மட்டும் மூன்று தரம் கேட்டேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்ள வெட்கமில்லை.

அந்த வயலின்தான் என்னை நிறுத்திவைத்தது. விக்கி ஆஸ்பினால் மேல்நாட்டுச் சாஸ்திரீய முறைப்படி வயலின் பயின்றவர் என்று அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. சுத்தமாக வாசிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டுமென்றே அப்படி இழைக்கிறார் என்றால், முந்தின நாள் நான் சொன்ன தீர்ப்பு என்ன ஆவது? வாசிக்கத் தெரிந்தவர், தெரியாதவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து, அவர்கள் எட்டுகிற இடத்துக்குத் தானும் போய், அங்கிருந்து எல்லோரும் சேர்ந்து ஒரு வழி தேடியிருக்கிறார்கள். ஒரு குரல் தடுமாறும்போது மற்றொன்று அதைத் திருத்துவதில்லை, கூடவே தடுமாறுகிறது. இது எனக்குப் புதிது. நானும் சில எழுத்தாளர் கூட்டங்களில் இருந்திருக்கிறேன். ஒருவர் தடுமாறினால் மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும்.

'லோலா' என்று ஒரு பாட்டு. இவர்களுடையது அல்ல. ரே டேவீஸ் எழுதி கிங்க்ஸ் குழு 1970-இல் பாடிப் பிரபலமானது. கேளிக்கை விடுதி ஒன்றில் ஒருத்தியைச் சந்திக்கும் இளைஞன், அவள் பெண்தானா என்று குழம்புகிற கதை. அதை இந்தப் பெண்கள் எடுத்துக்கொண்டு, ஆண் சொல்வதாக உள்ள வார்த்தைகளை மாற்றாமல் அப்படியே பாடுகிறார்கள். ஏற்கெனவே சிக்கலான முடிச்சின் மேல் இன்னொரு முடிச்சு விழுந்துவிடுகிறது. இவர்களுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லையோ என்று பல இடங்களில் தோன்றியது. இன்னொரு பாட்டில் சிரிப்பே இல்லை. வேலை நேரம் முடிந்து வெளியே போன ஒரு சிப்பாய் ஒரு பெண்ணைச் சீரழித்த சம்பவத்தைப் பற்றியது. 'அட்வென்சர்ஸ் க்ளோஸ் டு ஹோம்' என்று பால்மோலிவ் எழுதிய பாட்டு வேடிக்கையான சரித்திரம் உடையது. பழைய குழுவில் இருந்தபோது எழுதியதால், 1979-ஆம் வருஷம் ஸ்லிட்ஸ் வெளியிட்ட தட்டிலும் அது இருக்கிறது, இந்தத் தட்டிலும் இருக்கிறது. பாகப் பிரிவினையில் ஒரே பசுவை இரண்டு வீட்டிலும் கட்டியது போல!

அழகான ஆல்பம் என்று நான் சொல்ல வரவில்லை. அழகு என்று நான் பழகியிருப்பது வேறு. ஆனால் நாலு பேர் தாங்கள் யார் என்று கண்டுபிடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், கதவுக்கு வெளியே நின்று ஒட்டுக் கேட்டுவிட்டது போன்ற ஒரு கூச்சம் எனக்கு ஏற்பட்டது. பிறகு தெரிந்தது, அவர்களைத் தேடிப் போன அந்த மனிதரும் ஏறக்குறைய இதையேதான் எழுதியிருக்கிறார். ஒரு பழைய வீட்டில் அவர்கள் கீழே இருக்க, மேலே தான் அசையாமல் ஒளிந்து கேட்பதுபோல் உணர்ந்ததாகவும், அசைந்தால் எல்லாம் கெட்டுவிடும் என்றும்.

அந்த மனிதர் கர்ட் கோபேன்.

இசை கேட்கும் இளைஞர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் அபர்டீன் என்ற மரம் அறுக்கும் ஊரில் 1967-இல் பிறந்தவர். அவருடைய குழுவின் பெயரைப் பையன் சொன்னபோது, அடுக்களையிலிருந்த என் தாயார் எட்டிப் பார்த்தார்.

"என்னடா பேச்சு இது, நடுவீட்டுல?"

"நிர்வாணா, பாட்டி. புத்தர் அடைஞ்சாரே, அது."

"புத்தர் அடைஞ்சதை இவனுங்க எதுக்குப் பேரா வெச்சுக்கணும்?" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய்விட்டார். சரியான கேள்விதான்.

1991-இல் நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' வெளிவந்தது. 1992 ஜனவரியில் அது மைக்கேல் ஜாக்சனின் ஆல்பத்தைக் கீழே தள்ளிவிட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதலிடத்தில் ஏறி உட்கார்ந்தது. 24 வயதில் கோபேனுக்கு உலகப் புகழ். அந்தப் புகழ் அவருக்கு எவ்வளவு சங்கடமாக இருந்தது என்பதற்குச் சாட்சிகள் ஏராளம்.

இந்தப் பக்கம் ரெயின்கோட்ஸ் என்ன ஆனார்கள்? பால்மோலிவ் 1979-லேயே விலகிவிட்டார். மற்ற மூவரும் 1981-இல் ஒன்றும் 1984-இல் ஒன்றுமாக இன்னும் இரண்டு ஆல்பங்கள் வெளியிட்டுவிட்டு, 1984-இல் பிரிந்து அவரவர் வழியில் போனார்கள். 1991-இல் ரஃப் டிரேட்டின் வினியோக நிறுவனம் நொடித்துப்போயிற்று. பழைய தட்டுக்களை மறுபடி அச்சிடுவார் இல்லை. ஆனா ட சில்வா தம் உறவினருடைய பழம்பொருள் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பழம்பொருள் கடையில்! நான் கதையில் இப்படி எழுதினால், "ரொம்பவும் ஜோடித்துவிட்டீர்கள்" என்று பத்திரிகாசிரியர் அடித்துவிடுவார்.

1992-இல் லண்டனுக்கு வந்த கோபேன், ரஃப் டிரேட் கடைக்குப் போய் ரெயின்கோட்ஸ் தட்டு இருக்கிறதா என்று விசாரித்தார். தம்மிடமிருந்த பிரதி கேட்டுக் கேட்டுக் கீறல் விழுந்துவிட்டது. கடையில் தட்டு இல்லை. ஆனால் கடைப்பெண், "அவர்களில் ஒருவர் பக்கத்தில்தான் ஒரு கடையில் வேலை பார்க்கிறார்" என்று வழி சொன்னார். கோபேன் நடந்தே போய் ஆனாவின் முன்னால் நின்றார். உலகத்தின் பாதி இளைஞர்கள் எவரைப் பார்த்தால் மூர்ச்சையாவார்களோ, அவர் ஒரு கடைச் சிப்பந்தியின் முன்னால் தயங்கிக்கொண்டு நின்று, உங்கள் பழைய தட்டு ஒன்று கிடைக்குமா என்று கேட்டார். தேடி அனுப்புவதாக ஆனா சொன்னார். சில வாரம் கழித்துப் பார்சல் போய்ச் சேர்ந்தது. கையெழுத்திட்ட தட்டு, பாட்டு வரிகள், படங்கள்.

அந்த வருஷம் டிசம்பரில் வெளிவந்த நிர்வாணாவின் 'இன்செஸ்டிசைட்' என்ற தொகுப்பின் முன்னுரையில் கோபேன் இந்தச் சம்பவத்தை எழுதினார். புகழ் வந்தபின் தமக்குக் கிடைத்த உண்மையான பேறுகள் சிலவற்றுள் அந்தப் பார்சலும் ஒன்று என்று கருதினார். அதன்பின் காரியங்கள் வேகமாக நடந்தன. 1993 இறுதியிலிருந்து ரெயின்கோட்ஸின் ஆல்பங்கள் மறுபதிப்பாக வெளிவரலாயின. முதல் ஆல்பத்துக்கு முன்னுரை கோபேன். தனிமையும் சலிப்புமாக இருந்த காலத்தில் கீறல் விழுந்த அந்தத் தட்டு ஒன்றுதான் தமக்குச் சற்று அமைதி தந்தது என்ற கருத்தை அதில் எழுதியிருக்கிறார்.

"அந்த ஒருத்தன் மட்டும் இல்லேன்னா இந்தத் தட்டு செத்தே போயிருக்கும் மாமா. அவன்தான் உயிர் கொடுத்தான்" என்றான் பையன்.

எல்லோரும் இப்படித்தான் சொல்கிறார்கள். மேலுக்கு நியாயமாகவும் படுகிறது. ஆனால் இரவு படுத்துக்கொண்டு யோசிக்க யோசிக்க அந்த வாக்கியம் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

யார் யாருக்கு உயிர் கொடுத்தார்கள்? துன்பப்பட்ட ஒரு பையன் எங்கோ ஓர் ஊரில் இருந்துகொண்டு, யாரென்றே தெரியாத நாலு பெண்களின் தட்டைப் போட்டுக் கேட்டுக் கேட்டு ஒரு காலத்தைக் கடந்திருக்கிறான். அந்த உபகாரம் நடந்தபோது அந்தத் தட்டுக்கு மறுபதிப்பும் இல்லை, முன்னுரையும் இல்லை, ஒருவருடைய சிபாரிசும் இல்லை. அப்படியானால் அது செத்திருந்தது என்று எப்படிச் சொல்வது? கடையில் இல்லாததையும் செத்துப்போனதையும் ஒன்றாக நினைப்பது வியாபாரியின் கணக்கு. அந்தக் கணக்கை ரசிகர்களும் எழுத்தாளர்களும் எப்போதிலிருந்தோ கடன் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறோம்.

கோபேன் செய்ததைத் தர்மம் என்று பேசுகிறவர்கள் அவருக்கே அநியாயம் செய்கிறார்கள். அவர் கடனாளி. கடனாளி கடனைத் திருப்பிக் கொடுக்கும்போது அதற்குத் தானம் என்று பெயர் வைத்தால், கொடுத்தவனுக்கும் அவமானம், வாங்கினவனுக்கும் அவமானம். வள்ளுவர் 'செய்ந்நன்றி யறிதல்' என்று ஓர் அதிகாரம் வைத்தார். அதை 'ஈகை'யோடு சேர்க்காமல் தனியாக வைத்தார் என்பதை நாம் கவனிப்பதில்லை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. பையனே அதைச் சொன்னான். "நானும்தான் எத்தனையோ நல்ல பாட்டைக் கேட்டு ஆறுதல் அடைஞ்சிருக்கேன். நான் போய்ச் சொன்னா எவன் மறுபதிப்புப் போடுவான்? பேர் இருந்ததாலதானே அவன் சொன்னது எடுபட்டது?" வாஸ்தவம். அது உலகத்தின் அநீதி. நல்ல பொருளுக்குப் பேர் பெற்றவன் வாக்கு தேவைப்படுகிறது. அந்த வாக்கு கிடைக்காமல் எத்தனையோ மூலையில் கிடக்கின்றன. பங்க் இசையின் முதல் தலைமகனான ஜான் லைடனே ரெயின்கோட்ஸைப் புகழ்ந்திருக்கிறார். அதுவே போதவில்லை, இன்னும் பெரிய பேர் வேண்டியிருந்தது. ஆனால் இந்த அநீதியிலிருந்து என்ன பெறப்படுகிறது? பேர் இல்லாதவனுக்குச் சொல்ல வழியில்லை என்றால், பேர் இருக்கிறவனுக்குச் சொல்லாமல் இருக்க உரிமை இல்லை என்றுதானே ஆகிறது? பேர் என்பது அவ்வளவுக்கு அவ்வளவு ஒரு பொறுப்பு. இந்த இடத்துக்கு வந்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

மறுபதிப்பு எல்லாமே புண்ணிய காரியம் என்று நான் நினைக்கவில்லை. நீலத் தட்டு, சிவப்புத் தட்டு, எண் போட்ட பிரதி, பெட்டியோடு பிரதி என்று பழைய சரக்கை மெருகேற்றி விற்பது இன்று பெரிய வியாபாரம். பையனுடைய அலமாரியிலேயே அவன் ஒரு தடவைகூடப் பிரிக்காத உறைகள் நாலைந்து இருந்தன. ரெயின்கோட்ஸ் விஷயத்தில் எனக்குப் பிடித்தது, 2009-இல் முதல் ஆல்பத்தின் முப்பதாவது ஆண்டில் இங்கிலாந்தில் அதை மறுபடி வெளியிட்டபோது, வேறொருவர் தயவுக்குக் காத்திராமல் 'வீ த்ரீ' என்ற சொந்தப் பெயரில் தாங்களே வெளியிட்டுக்கொண்டார்கள் என்பதுதான்.

அவர்கள் பழம்பொருளாக நின்றுவிடவும் இல்லை. மறுபதிப்பு வந்த சூட்டில் மீண்டும் கூடிப் பாடினார்கள். 1994 ஏப்ரலில் இங்கிலாந்தில் நிர்வாணாவின் கச்சேரிகளில் அவர்களும் பாடுவதாக ஏற்பாடு. அதே ஏப்ரல் 5-ஆம் தேதி, 27 வயதில், கோபேன் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். ஒரே மேடையில் நிற்கவேண்டிய அந்தக் கச்சேரிகள் நடக்கவே இல்லை. 1996-இல் ரெயின்கோட்ஸ் புதிய ஆல்பம் ஒன்று வெளியிட்டார்கள். 2023-இல், அறுபது வயதைக் கடந்த ஜீனா பர்ச் தம்முடைய முதல் தனி ஆல்பத்தை வெளியிட்டார். வாங்கிய பிறகு வாசிக்கக் கற்ற அதே பாஸ் கிடார்தான் அதன் தலைப்பிலும் இருக்கிறது.

தேதிகளைக் கூட்டிப் பாருங்கள். கடைக்குப் போனது 1992. மறைந்தது 1994. நடுவில் இருப்பது இரண்டு வருஷத்துக்கும் குறைவு. "இப்போது சுற்றுப்பயணத்தில் இருக்கிறோம், ஓய்வு கிடைக்கும்போது எழுதலாம், அடுத்த தொகுப்பில் சொல்லலாம்" என்று கோபேன் தள்ளிப்போட்டிருந்தால், சொல்லவேண்டிய வார்த்தை சொல்லப்படாமலே போயிருக்கும்.

இனி என் கதை.

கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, எங்கள் ஊரில் ஒரு மண்டியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தபோது எனக்கு வயது 19. மாலையில் கிளை நூலகம்தான் கதி. அங்கே அட்டை கிழிந்த ஒரு நாவல் கிடைத்தது. எழுதியவர் வேறொரு மாவட்டத்தில் பள்ளி ஆசிரியை. அதற்கு முன்பும் பின்பும் அவர் பெயரை நான் எங்கும் பார்த்ததில்லை. ஒரே கிணற்றைப் பங்கு போட்டுக்கொண்ட இரண்டு ஓரகத்திகளின் கதை. அந்த நாவலில் ஒரு சண்டைகூட நம் கண் முன்னால் நடப்பதில்லை. சண்டை முடிந்தபின் பாத்திரம் துலக்கும் சத்தம் மட்டும் கேட்கும். அந்தச் சத்தத்திலிருந்து யார் ஜெயித்தது, யார் தோற்றது என்று நமக்குத் தெரிந்துவிடும். நூலகத்திலிருந்து அதை மூன்று தடவை எடுத்தேன். மூன்றாம் தடவை நோட்டுப் புத்தகத்தில் நாற்பது பக்கம் போலக் கையால் எழுதிப் பார்த்தேன்.

என்னுடைய இரண்டாவது நாவலுக்கு ஒரு பரிசு கிடைத்தது வாசகர்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். அதில் எல்லோரும் பாராட்டியது, சண்டையைக் காட்டாமல் சண்டையைச் சொல்லும் அந்த உத்தியைத்தான். தமிழில் இது புதிது என்று ஒரு விமரிசகர் எழுதினார். நான் மறுக்கவில்லை. பேட்டிகளில் யாரிடம் கற்றீர்கள் என்று கேட்பார்கள். நாலு பெரிய பெயர்களைச் சொல்வேன். அவை எல்லோரும் சொல்கிற பெயர்கள். அவற்றைச் சொன்னால் சொல்கிறவனுடைய உயரமும் கொஞ்சம் கூடும்.

இதுகூடப் பரவாயில்லை. மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு பதிப்பாளர் வந்தார். மறந்துபோன நாவல்களை வரிசையாக மறுபதிப்புச் செய்ய எண்ணம். மூன்று பெயர் சொல்லுங்கள் என்றார். நான் சொன்னேன். மூன்றும் நல்ல நாவல்கள்தாம். மூன்றும் போதுமான அளவு நினைவில் இருப்பவை. அவற்றை எழுதியவர்கள் உயிரோடு இல்லை. அந்த ஆசிரியையின் பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வந்ததை விழுங்கிவிட்டேன். பிரதி கிடைக்காது, உரிமை யாரிடம் இருக்கிறதோ, அவர் இருக்கிறாரோ இல்லையோ என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். ஒன்றும் உண்மை இல்லை. அந்த நாவல் மறுபடி வெளிவந்தால் அடுத்த மாதமே யாராவது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள் என்ற பயம்தான் உண்மை.

திருடினேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு மனம் இல்லை. ஒருவரிடமிருந்து ஒருவர் கற்பது திருட்டு ஆகாது. அப்படிப் பார்த்தால் உலகத்தில் இலக்கியமே இல்லை. கோபேனும்தான் எத்தனையோ பேரிடம் கற்றார். ஆனால் அவர் யாரிடம் கற்றார் என்பதைக் கேட்காதவர்களுக்கும் கூவிச் சொன்னார். நான் கேட்டவர்களுக்கும் சொல்லவில்லை. கற்பதற்கும் திருடுவதற்கும் நடுவே இருப்பது அந்தச் சொல்லாமைதானோ என்று அன்று இரவு தோன்றியது. இந்த எண்ணத்தைத் தள்ளிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்ள எனக்கு வழி கிடைக்கவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் விசாரித்தேன். விலாசம் கண்டுபிடிக்க எனக்குப் பதினோரு நாள் ஆயிற்று. பதினோரு நாள்! இருபத்தைந்து வருஷமாக முடியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காரியம். அவர் உயிரோடுதான் இருக்கிறார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று மகள் வீட்டில் இருக்கிறார். எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதினேன். மறுபதிப்புக்குப் பதிப்பாளர் சம்மதித்திருப்பதையும், முன்னுரையில் என் கடனை நான் எழுத விரும்புவதையும் குறிப்பிட்டு, அவர் மன்னிக்க வேண்டும் என்றும் கேட்டிருந்தேன்.

பதில் இன்லண்டு கடிதத்தில் வந்தது. நல்ல வாத்தியார் கையெழுத்து. 'அன்புள்ள தம்பிக்கு' என்று தொடங்கியிருந்தார். என்னுடைய இரண்டாவது நாவலை அது வெளிவந்த வருஷமே படித்துவிட்டாராம். கிணற்றடி நன்றாக வந்திருக்கிறது, ஆனால் பித்தளைக் குடத்துக்கும் எவர்சில்வர் குடத்துக்கும் சத்தம் வேறு, அதை நீங்கள் கவனிக்கவில்லை என்று ஒரு வரி. மன்னிப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. மீதிக் கடிதம் முழுவதும் அச்சுப்பிழைகள். 112-ஆம் பக்கத்தில் 'மருமகள்' என்று இருக்கவேண்டிய இடத்தில் 'மகள்' என்று விழுந்துவிட்டதாம். அதனால் அந்த அத்தியாயமே தலைகீழாகிவிட்டது, இத்தனை வருஷமாக உறுத்துகிறது என்று எழுதியிருக்கிறார். ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒரு பாராவே விட்டுப்போயிருக்கிறது. அது தமக்கு இன்னும் மனப்பாடமாம்.

பெயரை இங்கே நான் எழுதாததற்கும் அவர்தான் காரணம். புத்தகம் வரட்டும், பிழை திருத்தி முடியட்டும், அதற்கு முன்னால் பத்திரிகையில் பேர் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவரிடம் ஒரே ஒரு பிரதி இருக்கிறது. தபாலில் அனுப்பப் பயமாக இருக்கிறதாம். நேரில் வந்தால் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்கிறார். வருகிற வியாழக்கிழமை காலைப் பஸ்ஸுக்குப் போகலாம் என்று இருக்கிறேன். சிவப்பு மசிப் பேனா ஒன்று கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.